ராசிக்கு அனுப்பிய மங்குஸ்தான்

மகளின் வீட்டுப்பாடத்தில் ‘இணக்கம்’ என்பதற்கு வேறு சொற்கள் கேட்டிருந்தார்கள். “சமரசம், சமாதானம்” என்றேன், மங்குஸ்தானை உடைத்துக்கொண்டே. தோலின் செஞ்சாறு விரலில் ஏறியது.

என் பத்து வயதிலும் இதே கறைதான். தன்னோடு பேச்சு நின்றுபோன பெரியம்மாவுக்கு, மேலகரத்துக்கு, அம்மா என்னிடம் ஒரு பை குற்றாலத்து மங்குஸ்தான் கொடுத்தனுப்பினாள். “ராசியாயிருவோம்னு அம்மா சொன்னான்னு சொல்லுட்டி.”

சாரலில் வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து அத்தனையையும் நானே தின்றேன்.

“அக்கா வாங்கிக்கிட்டாளா?”

“வாங்கிக்கிட்டா. ஒண்ணும் சொல்லல.”

பெரியம்மா இறந்தபோதுகூட அம்மா போகவில்லை. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது அடுப்படியிலிருந்து அம்மா பேத்தியிடம் சொல்கிறாள்: “ராசின்னும் எழுதுட்டி. நம்ம பக்கம் அப்படித்தான் சொல்லுதோம். ஆனா ஒருத்தி மட்டும் நெனச்சா ஆவாது.”