நாமம் போட்ட கலாம்மா

ரங்கூன் தெருக்களில் என்னைப் பெண்பிள்ளை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கப்பலை விட்டு இறங்கிய அன்றே ஒரு பர்மாக்காரர் என் முதுகுக்குப் பின்னால் "கலா, கலா" என்று குரல் கொடுத்தார். கலா என் அத்தை மகள். அவள் எப்போது கடல் தாண்டினாள் என்று திகைத்துத் திரும்பினேன். கைவண்டிக்கு வழிவிடச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். இந்தியாவிலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்தவன் எவனும் இவர்களுக்குக் கலா, பெண் என்றால் கலாமா. அதில் மரியாதை எவ்வளவு, இளக்காரம் எவ்வளவு என்பது கூப்பிடுகிறவர் குரலைப் பொறுத்தது. இங்கே பிழைப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, ஊரில் இருப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இது எனக்குப் பிடிபடும் முன்பே மொகல் தெருவில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை கிடைத்துவிட்டது. எடுத்த படங்களுக்குக் கன்னத்தில் சிவப்பும் வேட்டிக் கரையில் பச்சையும் பூசுவது என் வேலை. நான் சேர்ந்த அன்று ஒரு பெண்மணி ஏணியில் நின்று, படம் எடுத்துக்கொள்கிறவர்களுக்குப் பின்னால் தொங்கும் படுதாவுக்கு வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். நல்ல உயரம், நாற்பது வயது இருக்கும். வாசலில் பூ விற்ற பர்மாக்காரி அவரைக் "கலாமா" என்றாள். கலா அம்மா போலிருக்கிறது என்று நானும் "கலாம்மா, வணக்கம்" என்றேன். அவர் ஏணியிலிருந்து குனிந்து, "வாரும் ஐயா, அமரும்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் தமிழ்ப்பெண் அல்ல. ஆப்பிரிக்கக் கரையோரம் இருக்கும் சான்சிபார் தீவில் பிறந்தவர். ஒரு கப்பல் தலைவர் வீட்டில் வேலை செய்தபோது, வீட்டுக்காரி தூக்கிப்போட்ட வர்ணக்கட்டிகளில் படம் போடப் பழகினார். கணவர் கப்பலில் கரி தள்ளினார். அவரோடு ரங்கூன் வந்து, அவரை இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, துறைமுகத்துப் படகுகளுக்குப் பெயர் எழுதும் வேலையைப் பிடித்தார். இங்கிலீஷ் எழுத்து ஒன்றும் அவருக்குத் தெரியாது. கொடுத்த தாளைப் பார்த்துச் சித்திரமாகவே வரைவார். பிறகு ஊரிலிருந்து வந்த ஒரு நாடகக் கம்பெனிக்கு அரண்மனையும் நந்தவனமும் தீட்டிக் கொடுத்தார். தமிழை அங்கேதான் கற்றார். ராஜா ராணியிடம் கற்ற தமிழ் ஆகையால், டீ வேண்டுமென்றாலும் "தேநீர் கொணர்க" என்பார். நாங்கள் சிரித்தால், "ஏன் நகைக்கின்றீர்?" என்று கேட்டு இன்னும் சிரிக்க வைப்பார்.

பர்மாக்காரர்கள் படம் எடுக்க, தண்ணீருக்கு நடுவே நிற்கும் கியாக்தான் பகோடா என்ற புத்தர் கோயிலைத் தீட்டியிருந்தார். நம்மவர்களுக்கு வேறொரு படுதா. சோலை, தென்னை, கடல் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள். நம் ஊரைப் பார்த்தே இராத அவர் தன் தீவைத் தீட்டிக் கொடுத்தார். இன்சீன் ரயில் பட்டறைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து அதன் முன் நின்று, "அசல் நம்மூரு" என்று மெய்மறந்தார்கள். மழைக்காலத்தில், ஸ்டூடியோவுக்கு வெளிச்சம் வரப் போட்ட கண்ணாடிக் கூரைமேல் தண்ணீர் ஓடும்போது அதன் நிழல் படுதாவில் விழும், அந்தக் கடல் மெல்ல அசையும். வேலையை விட்டுவிட்டு நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். ரங்கூனில் ஆறுதான் இருக்கிறது, கடல் பார்க்க எனக்கு வேறு வழியில்லை. "அங்கே தாங்கள் எப்போது திரும்புவீர்கள்?" என்று ஒருமுறை அவருடைய தமிழிலேயே கேட்டேன். "தினமும் காலையில் செல்கிறேன். மாலையில் மீள்கிறேன்" என்றார்.

ஒரு நாள் காயல்பட்டினத்து மரைக்காயர் ஒருவர் படம் எடுக்க வந்தார். படுதாவின் அடியில் புரண்ட அலையைக் குனிந்து பார்த்தார். "இது அலையில்லையே, அரபு எழுத்துல்லா. சுஹரான்னு எழுதியிருக்கு. எங்க மவ பேரு" என்றார்.

முதலாளி ஏணியைப் பார்த்தார். "என்ன கலாம்மா இது?"

"ஆம் ஐயா. நான் நாமம் போட்டேன்."

"என்னது? எனக்கே நாமம் போட்டியா?" முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

"தங்களுக்கு அல்ல ஐயா. என் நாமம்."

ஏமாற்றினேன் என்று அவர் சொல்லவில்லை, தன் பெயரை எழுதினேன் என்கிறார் என்று நான் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விளங்கிய பிறகு முதலாளிக்கு வேறு பயம் வந்தது. "ஊர்ல பொண்டாட்டி படத்தைப் பாக்குறா. புருஷன் காலடியில எவளோ ஒருத்தி பேரு. விடுவாளா? ஏற்கெனவே பர்மாக்காரி மயக்கிட்டாள்னு அங்க பேச்சு. நாளைக்குள்ள அழிச்சிரு. இல்லேன்னா வேற எடம் பாத்துக்க."

மரைக்காயரோ, அந்தப் பெயரோடுதான் எடுக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று எடுத்துக்கொண்டு போனார். கலாம்மா தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "உங்க பேரு சுஹராவா?" என்று கேட்டேன். "எத்தனையோ படகுக்கு நாமம் எழுதினேன். எனக்கு ஒன்று எழுதினேன், பிழையா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளாக அவரை நான் அழைத்தது பெயரே இல்லை, என்னைத் தெருவில் கூப்பிடும் அதே சொல்.

மறுநாள் நான் குடியிருந்த தாமுவேயிலிருந்து வந்து சேர்வதற்குள் வேலை முடிந்திருந்தது. முதலாளி படுதாவின் அடியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அலையைக் காணோம். "அழித்தேன் ஐயா" என்றார் சுஹரா. முதலாளி திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். நான் தள்ளி நின்று பார்த்தேன். எனக்கும் அரபு எழுத்து தெரியாது, ஆனால் அந்த ஒரு சொல்லின் வளைவு கண்ணில் நின்றுவிட்டது. கரையிலிருந்து தொடுவானம் வரை சின்னதும் பெரியதுமாக அத்தனை அலையும் அதே வளைவு. நான் திரும்பியபோது அவர் உதட்டில் விரலை வைத்தார்.

அந்த மாதமே இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு அதன் முன் நானும் நின்றேன். படம் வீட்டுக்குப் போயிற்று. ஊருக்குப் போய் வந்த ஒருவர், என் மனைவி மீனாட்சி அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பதாகவும், வருகிறவர்களிடம் "இதுதான் ரங்கூன்" என்று காட்டுவதாகவும் சொன்னார். இங்கே அந்தப் படுதாவைப் பார்ப்பவர்கள் நம்மூர்க் கடல் என்கிறார்கள். நானோ இரண்டிலும் இல்லாமல், ஒரு நாளும் போகாத சான்சிபார் கரையில், சுஹராவின் பெயருக்குள் கால் நனைய நின்றுகொண்டிருக்கிறேன்.