நான் எழுதிய ராணி

முதுகலை வரலாறு சேர்ந்த முதல் பருவத்தில், ஆய்வு முறைகள் வகுப்பில் பேராசிரியை ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் இணையத்தில் உலவும் ஒரு செய்தி. அதை முதலில் சொன்னது யார், என்ன ஆதாரம் என்று தேடி இரண்டு வாரத்தில் வகுப்பில் சொல்லி, அறிக்கையாகவும் தர வேண்டும். நான் ஆரணிக்காரி என்பதால் ஆரணிச் செய்தியாகவே பார்த்துக் கொடுத்திருந்தார்: 'இவ்வூருக்கு முதல் நெசவுக் குடும்பங்களைக் கூட்டி வந்தவர் ஒரு ராணி.'

அந்த ராணியை எழுதியது நான்.

பட்டப்படிப்பு விடுமுறையில் எங்கள் ஊர்ப் பட்டுக்கடை ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தேன். கடைக்கு இணையதளம் தொடங்கியபோது, ஊர் வரலாறு நாலு வரி போடச் சொன்னார் முதலாளி. எனக்குத் தெரிந்தது இரண்டு வரி. மீதிக்கு ஒரு ராணியை வரவழைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் செல்போனில் தேடினேன். எனக்கு முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். ஒரு சுற்றுலாப் பக்கம் ஒரு வலைப்பதிவைக் காட்டியது. வலைப்பதிவு கடையின் தளத்தைக் காட்டியது. சுற்றுலாப் பக்கத்தில் ராணிக்குக் கனவுகூட வந்திருந்தது. அதை நான் எழுதவில்லை. தேதிகளை வரிசைப்படுத்தி முடித்தபோது பஸ் கண்ணமங்கலத்தைத் தாண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் முந்தியது என்னுடையதுதான். மறுநாள் நூலகத்தில், அரசு தொகுத்த பழைய மாவட்ட கெசட்டியரைப் புரட்டினேன். எந்த ராணியும் இல்லை.

அதே பஸ்ஸில் வரும் இரண்டாம் ஆண்டு அக்கா, தன் ஆய்வேட்டை அந்த ராணியிலிருந்துதான் தொடங்கியிருப்பதாகச் சொன்னார். எழுதியது நான் என்று சொல்லாமலே பஸ்ஸை விட்டு இறங்கினேன்.

நேராகக் கடைக்குப் போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இதுக்கா பயந்துகினு இருக்க? இப்பவே எடுத்துடச் சொல்றேன். யாரு எழுதினாங்கன்னு யாருக்கும்மா தெரியப் போவுது?"

சரியென்று சொல்ல வாய் வரை வந்தது. என் பக்கம் போய்விட்டால் என்னை யாரும் பிடிக்க முடியாது. ஆனால் ராணி மற்ற பக்கங்களிலெல்லாம் அப்படியே இருப்பாள். பொய்யென்று காட்ட ஒன்றும் மிஞ்சாது. வகுப்பில் நான் சொல்லி முடிக்கும்வரை விட்டுவைக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

என் முறை வந்தபோது திரையில் பக்கங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். கடைசியாகக் கடையின் பக்கத்தைத் திறந்தேன்.

"இத எழுதினது நான்தான் மேடம். ஆதாரம் எதுவும் இல்லைங்க."

பேராசிரியை எழுந்து வந்து திரையருகே நின்று அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்தார்.

"இதையும் அறிக்கையில சேத்துடுங்க. எழுதினவங்க பேரு இருக்கணும்."

என் பெயரை நானே தட்டச்சு செய்தேன். அந்த அறிக்கை துறை நூலகத்துக்குப் போனது. யாராவது அதைக் கையில் எடுத்தால் நான் வராந்தாவுக்குப் போய்விடுவேன்.

கடை முதலாளி வரியை எடுத்துவிட்டார். நான் எழுதிக் கேட்ட மற்றவர்களில் வலைப்பதிவர் மட்டும் திருத்தினார். சுற்றுலாப் பக்கத்தில் ராணி இன்னும் கனவு காண்கிறாள்.

அறிக்கையைப் படித்த அக்கா தன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினார். ஒரு மாதம் பஸ்ஸில் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். பிறகு ஒருநாள் பக்கத்தில் வந்து, அந்த கெசட்டியர் எந்த அலமாரியில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.