எஸ்தர் ஐந்தாவது முறையாக வேலையில் சேர்ந்த கதை

ஆறு வாரம் இருக்கும். காலையில் அடுப்பில் இட்லியை வைத்துவிட்டு பேப்பரைப் பிரித்தேன். வேலைவாய்ப்பு உயர்ந்திருக்கிறது என்று ஒரு செய்தி. மாதாமாதம் வருகிற பி.எஃப். கணக்குதான். எந்தத் துறையில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எந்த வயதில் சேர்ந்தார்கள் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களில் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதுக்காரர்கள்தான் அதிகமாம். பரவாயில்லையே, பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சந்தோஷம் இட்லி வேகும் வரைகூடத் தாங்கவில்லை. பக்கத்து வீட்டு எஸ்தர் கையில் போனோடு வந்து நின்றார்.

"அக்கா, இத கொஞ்சம் படிச்சி சொல்லுங்கக்கா. இன்னாமோ மெசேஜ் வந்துகீது."

படித்தேன். எஸ்தர் வேலையிலிருந்து விலகிவிட்டாராம். காரணம்: சொந்த விருப்பம்.

"எஸ்தர், வேலையை விட்டுட்டியா?"

"நானா? நேத்து கூட செகண்ட் ஷிஃப்ட் போய்ட்டு வந்தேனேக்கா!"

எஸ்தரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்து மூன்று. கணவர் இல்லை. ஒரே மகள் ப்ரீத்தி, பொன்னேரியில் பி.காம். இரண்டாம் வருடம். எஸ்தரின் அப்பா ஆரம்பாக்கம் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். எஸ்தர் ஒன்பது வருடமாக கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் செக்கிங். மெஷினிலிருந்து வந்து கொட்டுகிற மூடிகளில் விரிசல் விட்டதைப் பொறுக்கிப் போட வேண்டும். தலைமுடி கனத்துக்கு விரிசல் இருந்தால்கூட எஸ்தரின் கண்ணுக்குத் தப்பாது.

ஒன்பது வருடமும் அதே கம்பெனி, அதே டேபிள். ஆனால் கான்ட்ராக்டர் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார். மாறும்போதெல்லாம் எஸ்தர் 'விலகி', மறுநாளே புது கான்ட்ராக்டரிடம் 'சேர்வார்'. இப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. எழுந்து நிற்காமலே மூன்று முறை வேலையை விட்டவர் எஸ்தர்!

இது நாலாவது முறை. ஆனால் இந்த முறை சேர்க்கவில்லை.

நானும் கூடப் போனேன். புது கான்ட்ராக்டரின் ஆபீஸ் பைபாஸ் ஓரம், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே கழுத்துப் பட்டையில் ஐடி கார்டு மாட்டிய ஒரு மேனேஜர். மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், இந்தத் தடவை ஏஜ் லிமிட் போட்டிருக்கோம். முப்பதுக்கு மேல எடுக்கறதில்ல."

"ஒன்பது வருஷம் இதே வேலையைச் செஞ்சவங்க சார்."

"ரெக்கார்டுல எங்களுக்கு அவங்க புது ஆளுதானே மேடம்?" என்றவர் எஸ்தர் பக்கம் திரும்பி, "ஊட்ல பொண்ணு இருக்காம்மா? பதினெட்டு முடிஞ்சிருந்தா அனுப்புங்க. நாளைக்கே ஜாயினிங்" என்றார்.

படியிறங்கும்போது எஸ்தர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். "எனக்கு வயசாயிட்ச்சாக்கா?" என்று கேட்டார். நான் அவரைவிடப் பன்னிரண்டு வயது பெரியவள்.

அடுத்த இரண்டு வாரம் எஸ்தர் போய் நிற்காத கம்பெனி கேட் இல்லை. எல்லா இடத்திலும் வயதைக் கேட்டார்கள், 'சொல்லி அனுப்பறோம்' என்றார்கள். மூன்றாவது திங்கட்கிழமை, காலேஜுக்குக் கிளம்புகிற நேரத்தில் ப்ரீத்தி கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள். அம்மாவிடம் சொல்லவே இல்லை. தானே போய் ஃபார்ம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நேராகப் போய், "படிக்கிற பொண்ணை எப்படி விட்ட?" என்று எஸ்தரிடம் கத்தினேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்கக்கா, இன்னா பண்றது? எனக்கு மட்டும் ஆசையா? நான் படாத பேஜாரா? எம்பொண்ணு என் டேபிள்ள போய்க் குந்திக்கினு கீறா. அத நெனச்சா சோறு எறங்கல."

எஸ்தர் அழுது நான் பார்த்ததே இல்லை. அன்று பார்த்தேன். பேப்பரில் பத்தி எழுதுகிற என்னால், அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுக்கத்தான் முடிந்தது. கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாற்பத்து மூன்று வயதில் ஒருவர் விலகல். பத்தொன்பது வயதில் ஒருவர் புதிய சேர்க்கை. ஆக, இளைஞர் வேலைவாய்ப்பு உயர்வு! கணக்கு எடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. விலகியவர்களைக் கழித்துத்தான் காட்டுகிறார்கள். விலகி மறுபடி சேர்ந்தவர்களுக்கும் தனியாக ஒரு வரி இருக்கிறது. ஆனால் காலேஜை விட்டு வந்தவள் யார், அம்மாவின் இடத்தில் உட்கார்ந்தவள் யார் என்று எழுத எந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது?

கதை அங்கே முடியவில்லை. மூடி வாங்குகிற மருந்து கம்பெனியிலிருந்து ஒரு லோடு திரும்பி வந்துவிட்டது. விரிசல். பொறுக்கிப் போட வேண்டிய மூடிகள் அப்படியே பெட்டிக்குள் போயிருக்கின்றன. ஒரு வாரம் கழித்து இன்னொரு லோடு. பாவம், ப்ரீத்தியைப் போலவே அந்த வரிசையில் பெரும்பாலோர் புதுப் பிள்ளைகள். யாருக்குக் கண் பழகியிருக்கும்? கம்பெனியின் லைன் இன்சார்ஜ் கான்ட்ராக்டரைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். மேனேஜரே எஸ்தருக்கு போன் செய்தார். அப்போது நான் எஸ்தர் வீட்டில்தான் இருந்தேன்.

"நாளைக்கு வந்துடுங்கம்மா" என்றார் அவர்.

ஸ்பீக்கரில் போட்டிருந்த போனை எஸ்தர் வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டார்.

"வரேன் சார். ஆனா எம்பொண்ண ரிலீவ் பண்ணணும். நான் உள்ள வர்ற அன்னிக்கே அவ வெளிய வரணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கோங்க."

"அவங்களும் இருக்கட்டும்மா, நல்லாத்தானே வேலை செய்யறாங்க..."

"இருக்கக் கூடாது சார்."

கடைசியில், "சரிம்மா" என்றார் மேனேஜர்.

மறுநாள் காலை கம்பெனி கேட்டில் அம்மா உள்ளே போனார், மகள் வெளியே வந்தாள். ப்ரீத்தி அங்கிருந்து நேராகக் காலேஜுக்குப் போனாளாம். ஒரு இன்டர்னல் டெஸ்ட் போய்விட்டது. அட்டெண்டன்ஸும் குறைவு. இனி ஒரு நாள்கூட லீவு போடக் கூடாது என்று துறைத்தலைவர் எழுதி வாங்கிக்கொண்டிருக்கிறார். ஏன் வரவில்லை என்று கேட்டாராம். "வேலைக்குப் போனேன் மேடம்" என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

வயது வரம்பு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நானும் அதைத்தான் மேனேஜருக்கு போன் போட்டுக் கேட்டேன். "அது ஃப்ரெஷர்ஸுக்கு மட்டும்தான் மேடம். இவங்க எக்ஸ்பீரியன்ஸ்டு இல்லையா?" என்றார். சரி, அனுபவத்துக்கு ஒரு மதிப்பு வந்ததே என்று ஆறுதல் பட்டேன்.

அன்று மாலை எஸ்தர் கொண்டுவந்து காட்டிய ஜாயினிங் ஃபார்மில், முன் அனுபவம் என்ற இடத்தில் 'இல்லை' என்று போட்டிருந்தார்கள். பதவி: டிரெய்னி. ஒரு வாரம் கட்டாயப் பயிற்சி.

மூடியில் விரிசலைக் கண்டுபிடிப்பது எப்படி என்று எஸ்தருக்கு வகுப்பு எடுத்தது, இருபத்திரண்டு வயதுப் பெண். போன வருடம் எஸ்தரிடமே வேலை கற்றுக்கொண்டவள். முதல் நாள் முழுக்க வெட்கத்தில் தலை குனிந்துகொண்டே பாடம் நடத்தினாளாம். எஸ்தர்தான், "பரவால்லம்மா, சொல்லு, நான் கேட்டுக்கினு கீறேன்" என்று தைரியம் சொல்லியிருக்கிறார்.

போன சனிக்கிழமை பயிற்சி முடிந்தது. சர்ட்டிபிகேட் கொடுத்திருக்கிறார்கள். எஸ்தர் அதை என்னிடம் நீட்டி, கீழே இங்கிலீஷில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

'சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்.'