டிக்‌ஷனரி அண்ணாச்சி ஏறிய மேடை

சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் காசிலிங்கத்துக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் டிக்‌ஷனரி அண்ணாச்சி. பாவி மனுஷன் அதைப் பட்டம் என்றே நம்பினார். ஆங்கில இலக்கியம் படிக்கக் கிடைத்த இடத்தை, அப்பா இறந்ததால் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவர். இருபத்தாறு வருஷமாக, இரண்டு நடைக்கு நடுவே கிடைக்கிற பத்து நிமிஷத்தில் டீ கூடக் குடிக்காமல் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதிலும் ஆர்வத்தைச் சொல்லுகிற வார்த்தைகள் என்றால் உயிர். டிக்கெட் வாங்கும்போது கல்லூரிப் பிள்ளைகள், "அண்ணாச்சி, ஈகர்?" என்று கிண்டுவார்கள். "புளிப்பா, சுருக்குன்னு இருக்கதுக்கு லத்தீன்ல ஒரு சொல்லு இருக்குல்லா, அதுல பொறந்தது. வினிகர்ல இருக்கதும் அதே புளிப்புதான் தம்பி" என்று மூச்சு விடாமல் சொல்வார். அவர் அடுத்த சீட்டுக்கு நகர்ந்ததும் பின்னால் சிரிப்புக் கிளம்பும்.

அதே கல்லூரியில்தான் அவர் மகள் பொன்செல்வி இரண்டாம் வருஷம் படித்தாள். பஸ்ஸில் நடுவழியில் ஏறுவாள். "பஸ்ல என்கிட்ட பேசாதீங்கப்பா" என்று கல்லூரியில் சேர்ந்த வாரமே சொல்லிவிட்டாள். பெரிய பிள்ளை, கூச்சப்படுகிறாள் என்று நினைத்து, அவரும் யாரோ போல டிக்கெட்டை நீட்டிவிட்டுப் போவார்.

ஒருநாள் மாணவர் சங்கச் செயலாளர் ஜாஸ்பர், "எங்க கூட்டத்துல நீங்கதான் சிறப்புப் பேச்சாளர், அண்ணாச்சி" என்றபோது மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் சொன்னதும் மகளின் முகம் சுண்டிப்போயிற்று.

"லீவு கிடைக்கலன்னு சொல்லிருங்கப்பா. கும்பிட்டுக் கேக்கேன்."

"அப்பா உளறிருவேன்னு பயப்படுதியோ, ஏட்டி?" என்று சிரித்தார். ஏற முடியாமல் போன கல்லூரிப் படி அது. விடுவாரா?

தேய்த்த வெள்ளைச் சட்டையில் மேடையேறினார். கீன் என்பது பழைய ஆங்கிலத்தில் துணிச்சலைக் குறித்தது, கூர்மை எல்லாம் பிறகு வந்து சேர்ந்தது என்றார். ஆர்டென்ட் என்பதற்குள் எரிகிற நெருப்பு இருக்கிறது, அவிட் என்பதற்குள் ஏக்கம் இருக்கிறது என்றார். வார்த்தைக்கு வார்த்தை விசில். எல்லாக் கையிலும் போன். முன்வரிசை அவர் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிப் பழித்தது. வெட்கக்கேடு, வாத்தியார்களும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். காசிலிங்கமோ, பிள்ளைகளுக்கு இவ்வளவு ஆசையா என்று பூரித்துப்போனார்.

"பொன்செல்வி, நீ ஒண்ணு கேளு" என்று ஜாஸ்பர் அவளிடம் மைக்கை நீட்டினான்.

எழுந்தாள். "கியூரியஸ் எங்க இருந்து வந்துச்சு, சார்?"

சார் என்றதும் காசிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. எட்டு வயதில் அவர் மடியில் உட்கார்ந்து அவள் அர்த்தம் கேட்ட முதல் வார்த்தை அது. பேசக் கூடாது என்பது பஸ்ஸில்தானே? யார் மகள் என்று அவளே சொல்லட்டும் என்று ஆசைப்பட்டு, "இத வீட்டுல உங்க அப்பாகிட்டயே கேட்டிருக்கலாமேம்மா" என்றார்.

கூடம் கப்சிப் என்று ஆயிற்று. ஜாஸ்பர் பதறி ஓடிவந்து அவர் காதில் சொன்னான்: "அண்ணாச்சி, அவளுக்கு அப்பா கெடையாது. ப்ளஸ் டூ படிக்கையிலயே தவறிட்டாரு."

காசிலிங்கம் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிரும்மா. தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார் மைக்கில். பிறகு, கியூரியஸ் என்பது லத்தீனில் அக்கறையைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது, அக்கறை உள்ளவன்தான் துருவித் துருவிக் கேட்பான் என்று கடைசிவரை ஒழுங்காகச் சொல்லி முடித்தார். பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள்.

சாயங்காலம் வீட்டில் பொன்செல்விதான் சோறு போட்டாள். இரண்டு வாய் தின்றுவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, நான் எப்படிச் செத்தேன்னு சொல்லிருக்க?"

"நெஞ்சு வலி வந்து."

"அப்ப என்ன வேலையில இருந்தேன்?"

குழம்புக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"பேங்க் மேனேஜர்."