குரைக்காத மாடு

செல்லியம்மாளிடம் ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு யாரும் சும்மா போய்விட முடியாது. ஏன் முடியாது என்று கேட்பாள். சொன்ன காரணத்தில் ஒரு சந்து இருந்தால் அதில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் முழுக்க இது தெரியும். தெரிந்தும் அவள் கொழுந்தன் கோபால் எண்பத்திரண்டாம் வருஷம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

அவளுடைய நாய் செவலைக்கு அப்போது வாய் மூடவில்லை. திறந்தது திறந்தபடி நின்று எச்சில் ஒழுகியது. சோறும் இறங்கவில்லை, தண்ணீரும் இறங்கவில்லை. சாமைக் கொல்லையில் பன்றி இறங்கினால் ஊரையே எழுப்பிவிடுகிற நாய், வள்ளென்று ஒரு சத்தம்கூட இல்லாமல் மூலையில் கிடந்தது.

கோபால் தடியோடு வந்தான். “வெறி புடிச்சிடுச்சி அண்ணி. யாரையாவது கடிக்கறதுக்குள்ள அடிச்சிப் போட்டுடணும்.”

“வாயே மூடல, எப்பிட்றா கடிக்கும்?”

கோபால் தடியை மட்டும் இறக்கிக்கொண்டான். ஆனால் ஊர் அவன் பக்கம் நின்றது. பிள்ளைகுட்டி நடமாடுகிற இடம், அவர்களையும் குறை சொல்ல முடியாது. பேசிப் பேசி ஒரு நாள் தவணை வாங்கினாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் நாய் சரியாக வேண்டும், இல்லையென்றால் தடிதான்.

“டாக்டருகிட்ட காட்டறேன்” என்றாள்.

“நாய் டாக்டரு திருப்பத்தூர்லதான் கீறாரு. பங்களா நாய்ங்களத்தான் பாப்பாரு. அவருக்குக் குடுக்கணும்னா மாட்டை வித்துட்டுத்தான் நீ போவணும்.”

“சந்தவாசல் பக்கம் சர்க்காரு ஆஸ்பத்திரி கீதே. அங்க சும்மாத்தானே பாக்கறாங்க?”

“அது மாட்டாஸ்பத்திரி அண்ணி. மாட்டுக்குத்தான் பாப்பாங்க.”

இந்த இடத்தில் அவன் வாயைத் திறந்திருக்கவே கூடாது. செல்லியம்மாள் கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அங்கே சாம்பல் வெளுப்பான மயிலைக் காளை ஒரு குறையும் இல்லாமல் அசைபோட்டுக்கொண்டிருந்தது.

“அப்ப மாட்டை ஓட்டிக்கினு போறேன்.”

மாட்டைக் காட்டி நாயின் சீக்கைச் சொல்வது, கொடுக்கிற மருந்தை நாய்க்கு நாயளவாகப் புகட்டுவது. இவ்வளவுதான் திட்டம். நாயை ஊரில் விட்டுப் போனால் கோபாலின் தடி சும்மா இருக்காது என்று அதையும் கூடையில் படுக்க வைத்து, துணி மூடி, மேலே புளியைப் பரப்பிப் புருஷன் பஞ்சாட்சரம் தலையில் ஏற்றினாள். விடியுமுன்னே இறங்கினார்கள்.

அங்கே நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்வாள், பஞ்சாட்சரம் ஒரு மாதிரி சொல்வார். நான் நம்புவது அவர் சொல்வதைத்தான். வழியெல்லாம் நாயின் எச்சில் ஒழுகியது அவர் தலையில்.

“மாட்டுக்கு என்ன?” என்று கேட்டார் டாக்டர்.

“வாய மூட மாட்டேங்குதுங்க. எச்சில் ஒழுகுது. தண்ணி எறங்கல.”

டாக்டர் மாட்டைப் பார்த்தார். மாடு வாயை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தது. எச்சில் என்றால் வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் கோமாரியாக இருக்கும் என்று நாக்கை இழுத்துப் பார்த்தார், குளம்பைத் தூக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

“செவலை படுத்தது எழுந்திருக்கலைங்க” என்றாள் செல்லியம்மாள், நின்றுகொண்டிருந்த மாட்டைக் காட்டி.

“செவலையா? இது மயிலை மாடாச்சே.”

“பொறக்கறப்ப செவலைங்க. அப்புறம் வெளுத்துடுச்சி.”

இதற்குள் கம்பவுண்டர் பாண்டுரங்கன் கூடைப் பக்கம் வந்துவிட்டார். “அதுல இன்னா?”

“புளிங்க.”

“புளி ஏன் ஒழுகுது?”

“புதுப் புளிங்க” என்றாள்.

டாக்டர் விடவில்லை. “வேற என்ன பண்ணுது?”

இவ்வளவு பொய்யையும் சமாளித்தவள் இதற்கு உண்மையையே சொல்லிவிட்டாள். “கொல்லையில பன்னி வந்தாக்கூட குரைக்க மாட்டேங்குதுங்க.”

டாக்டர் பேனாவை மூடினார். “மாடு குரைக்கல.”

“முன்னல்லாம் நல்லா குரைக்குங்க” என்றார் பஞ்சாட்சரம், பெண்டாட்டிக்கு ஒத்தாசையாக. அன்றைக்கு அவர் வாய் திறந்து பேசியது இது ஒன்றுதான்.

அந்த நேரம் பார்த்து பாண்டுரங்கன் ஒரு சுளை புளிக்காகக் கூடைக்குள் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

“சார்” என்றார் மெதுவாக. “புளிக்கு நாக்கு இருக்குது.”

துணியை எடுத்ததும் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். செல்லியம்மாள் மட்டும் நாயின் தலையைப் பிடித்துக்கொண்டாள். “பொழுது சாயறதுக்குள்ள சரியாவலன்னா அடிச்சிக் கொன்னுடுவாங்க சாமி. மாட்டை வேணும்னாலும் வெச்சிக்குங்க, இதைப் பாருங்க.”

பஞ்சாட்சரம் மாட்டைப் பார்த்தார். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்காகவே அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதை.

டாக்டர் உறை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்தார். மேல்வாயில், இரண்டு பக்கப் பல்லுக்கும் நடுவே, ஓர் ஆட்டெலும்பு குறுக்காகச் சிக்கியிருந்தது. வெறியும் இல்லை, கிறியும் இல்லை. குறட்டால் ஓர் இழுப்பு. செவலை வாயை மூடிற்று. பிறகு வாளித் தண்ணீர் பாதியைக் குடித்தது. பாண்டுரங்கன் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார்.

“நாய்க்கும் இங்க சும்மாதாம்மா பாக்கறோம்” என்றார் டாக்டர்.

“அப்ப இன்னாத்துக்கு மாட்டாஸ்பத்திரின்னு பேரு வெச்சீங்க?”

“நாங்க வைக்கலம்மா. போர்டுல கால்நடை மருத்துவமனைன்னுதான் போட்டிருக்கு.”

“கால்நடைன்னா நாங்களும் கால்நடையாத்தான் வந்தோம்” என்றாள். உயிர் திரும்பியதும் வாயும் திரும்பிவிட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே, வந்தது வந்தாயிற்று என்று கோமாரி தடுப்பூசியை எடுத்தார். ஒரு சீக்கும் இல்லாத மாட்டுக்குத்தான் அன்றைக்கு ஊசி விழுந்தது.

மலை ஏறும்போது செவலை நடந்தே வந்தது. ஆனால் குரைக்கவில்லை. ஒரு குரங்கு குறுக்கே போனது, அதற்கும் குரைக்கவில்லை. செல்லியம்மாள் திரும்பித் திரும்பி அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சும்மா வருகிற நாயைக் காட்டி, சரியாகிவிட்டது என்றால் ஊர் நம்புமா?

ஊர் எல்லையில் கோபால் நின்றிருந்தான். கையில் தடி, பின்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர். செவலை நின்றது. தடியைப் பார்த்தது, அவன் முகத்தைப் பார்த்தது. வாயை ஒருமுறை திறந்து மூடிற்று. அப்புறம் குரைத்தது பாருங்கள், சேர்த்து வைத்திருந்த அத்தனை குரைப்பையும். கோபால் தடியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

எந்தச் சண்டையிலும் அழுது நான் பார்த்திராத செல்லியம்மாள் பாதையிலேயே உட்கார்ந்து அழுதாள். செவலை அவளைப் பார்த்தும் குரைத்தது. யாரும் அதை அதட்டவில்லை.