அம்பாசிடருக்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்

காலை 6.20. கோபிசெட்டிபாளையம் பேருந்து நிலையம். கோவைக்கு எண்பது கிலோமீட்டர், பயணச்சீட்டு அறுபத்தைந்து ரூபாய். மடியில் மஞ்சப்பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். காரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரனும் கதவும்தான். ஆனாலும் "நானே போய் வாங்கிட்டு வாரேன்" என்று முந்திக்கொண்டேன். வீட்டில் இருந்தால் மாப்பிள்ளையோடு பேச வேண்டியிருக்கும்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை சரசுவின் கணவர் பழனிசாமி. சரசு போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. நெஞ்சுவலி என்று ஒரு மதியம் அவளை அம்பாசிடரில் ஏற்றிக்கொண்டு ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கவுந்தப்பாடி தாண்டியதும் கார் சூடேறி நின்றுவிட்டது. வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துக்க வீட்டில் நாலு பேர் முன்னால் கேட்டேன்: "கட்டை வண்டி ஓட்டற மாதிரி ஓட்டி எந் தங்கச்சியக் கொன்னுபோட்டீங்களே." அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் சென்னைக்குத் திரும்பினேன். அதன்பிறகு இந்தப் பக்கமே வரவில்லை.

இப்போது வந்ததுகூட, அவர் வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகனோடு இருக்கப் போகிறார் என்பதால்தான். போவதற்கு முன், அன்றிலிருந்து கொட்டகையில் நிற்கும் காரை ஈரோடு வரை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. உள்ளூர் மெக்கானிக் மற்றதையெல்லாம் சரிசெய்துவிட்டார். சிலிண்டர்களுக்கு முறைவைத்து மின்பொறியைப் பிரித்துக் கொடுக்கும் இந்தச் சாமான் மட்டும் தேறாது என்றார். அதுவும் நான் அனுப்பியதுதான். சரசு இறப்பதற்கு மூன்று மாதம் முன்பு, சென்னையில் பழைய உதிரிபாகக் கடையொன்றில் பேரம் பேசி வாங்கிக் கூரியரில் அனுப்பினேன். அதில் எனக்கொரு பெருமையும் இருந்தது.

9.40. காந்திபுரத்தில் இறங்கி, டவுன் பஸ்ஸில் பத்து ரூபாய் கொடுத்து கணபதி. லேத் பட்டறைகளுக்கு நடுவே, வண்டிகளின் மின்சார வேலை மட்டும் பார்க்கும் கடை. நடத்துபவர் ஸ்டெல்லா, ஐம்பது வயதிருக்கும். சாமானை வாங்கித் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஏனுங்க, இது அம்பாசிடருதே இல்லீங்களே."

"அதுல இருந்து கழட்டுனதுதானுங்க."

அவர் மூடியை எடுத்து, உள்ளே இருந்த ரோட்டரை விரலால் திருகிக் காட்டினார். ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்து, விட்டதும் திரும்பி வந்தது. மறுபக்கம் அசையவே இல்லை.

"அசையற பக்கந்தான் அது சுத்தற பக்கமுங்க. இது கடிகாரம் மாதிரி சுத்தறது. உங்க இஞ்சின்ல எதிர்ப்பக்கம் சுத்தோணும். வேற வண்டியிதை லேத்துல கடைஞ்சு, அடியில இஞ்சினோட கோத்துக்கற நாக்கை மாத்தி உக்கார வெச்சிருக்காங்க. வேலை என்னமோ சுத்தமாத்தான் இருக்குது. இந்த ஊருல யாரும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க, அதுதான் வம்பு."

"மூணு மாசம் ஓடுச்சுங்களே."

"பக்கத்துல போய்ட்டு வந்தாத் தெரியாதுங்க. வேகம் புடிக்கப் புடிக்கப் பொறி முந்தி வரோணும். இதுல பிந்திப்போகும். வண்டி இழுக்காது. நெடுந்தூரம் முடுக்குனா சூடாயி நின்னுபோயிருமுங்க."

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்ன ஏது என்று கேட்காமல் ஸ்டெல்லா டீ வரவழைத்தார். என்னால் குடிக்க முடியவில்லை. பதினோரு வருடமாக ஒரு மனிதரைக் கொலைகாரர் என்று மனதுக்குள் வைதுகொண்டிருந்தேன். காரை நிறுத்தியது நான் அனுப்பிய சாமான்.

12.50. சூலூர். ஸ்டெல்லா எழுதிக் கொடுத்த முகவரியில் விசைத்தறிக் கூடம் ஒன்று இருந்தது. அதன் உரிமையாளர் பழைய கார்ப் பிரியர்; மரப்பெட்டியைத் திறந்து மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களை வரிசையாக வைத்தார். தறிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஸ்டெல்லா சொல்லியனுப்பியபடி பார்த்தேன். முதலாவதில் ரோட்டர் தப்பான பக்கம் அசைந்தது. இரண்டாவதில் தண்டு ஆடியது. மூன்றாவதில் இரண்டும் சரி; அடிமுனை நாக்கும் நடுவில் இல்லாமல், இருக்க வேண்டியபடி ஓரம் தள்ளி இருந்தது. லேத் பட்ட தடமே இல்லை. "நெம்பருகூடப் பாக்காம எடுக்கறீங்க" என்றார் உரிமையாளர். கடைசியில் அதன்மேல் பொறித்திருந்த நம்பரையும் பார்த்தேன். விலை ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இந்தக் கால்மணி நேரத்தை அன்று சென்னையில் நான் செலவழிக்கவில்லை.

மறுநாள் காலை மெக்கானிக் வந்து மாட்டினார். சென்னைக்கு எனக்கு ஈரோட்டில் ரயில். மாப்பிள்ளை காரிலேயே விடுவதாகச் சொன்னார். 8.10-க்குக் கிளம்பினோம். ஊர் தாண்டியதும் கார் வேகம் பிடித்தது. இரவெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னேன்.

"மாப்பிள்ளை, நான் அனுப்புனது தப்பான சாமானுங்க. அதனாலதான் அன்னைக்கு வண்டி நின்னுது."

"தெரியுமுங்க மச்சான்" என்றார், சாலையைப் பார்த்தபடியே. "இஞ்சின்ல உக்காரலைன்னு கொண்டுபோனப்பவே லேத்துக்காரரு சொன்னாருங்க, இது வேற வண்டியிதுன்னு. நீங்க ஆசையா வாங்கி அனுப்புனதை எப்படிங்க வேண்டாம்கறது? கடைஞ்சு மாட்டுங்கன்னு நாந்தான் சொன்னேன். தோட்டத்துக்குப் போய்ட்டு வரத்தானே, போதும்னு இருந்துபோட்டேன்."

"அத்தனை பேச்சுப் பேசுனனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க."

கவுந்தப்பாடிக் கடைத்தெரு வந்தது. மெதுவாகக் கடந்து, மறுபடி வேகம் எடுத்தார்.

"இங்க வண்டி நின்னப்ப அவளுக்கு நினைவு இருந்துதுங்க. 'அண்ணன் அனுப்புன சாமானாலன்னு அவருகிட்டச் சொல்லிராதீங்க, தாங்க மாட்டாரு'ன்னா. அதுக்குப் பொறவு அவ பேசலீங்க."

நான் அழுதேன். ஒளித்துக்கொள்ளத் தோன்றவில்லை. கார் எங்கும் திணறாமல் போய்க்கொண்டே இருந்தது.

ஈரோட்டில் ரயில் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தில் அவர் திரும்பவில்லை. நேராக ஓட்டி, அந்த ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தார். இருவரும் இறங்கவில்லை. மணியைப் பார்த்தேன். கோபியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். ஐம்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.