ஒரு மாதத்தின் பெயர்

எனக்கும் என் தோழிக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. சனிக்கிழமை புற நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் மந்தைவெளியில் அவள் வீட்டில் உட்காருவோம். அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரையை நான் படிக்க வேண்டும், என்னுடையதை அவள். ஒரு தப்பாவது கண்டுபிடிக்காதவருக்குக் காபி கிடையாது. ஒன்றாகப் படித்து, ஒரே மருத்துவக் கல்லூரியில், ஒரே துறையில் உதவிப் பேராசிரியர்களாகச் சேர்ந்தவர்கள் நாங்கள். கட்டுரை எழுதச் சொல்லித்தரும்படி மூத்தவர்களிடம் கேட்டால், முதலில் வார்டைப் பார் என்பார்கள். ஆகவே எனக்கு அவள், அவளுக்கு நான்.

என் முதல் கட்டுரையை மூன்று முறை குதறியெடுத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் குதறியதால்தான் அது அச்சேறியது. அதற்கு நான் ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை.

பிறகு துறையில் இணைப் பேராசிரியர் இடம் காலியானது. ஒன்றே ஒன்று. என்னிடம் அதற்கு வேண்டிய அளவு அச்சேறிய கட்டுரைகள் இருந்தன. அவளுக்கு இன்னும் ஒன்று குறைந்தது. அந்த ஒன்றைத்தான் அந்தச் சனிக்கிழமை என் முன்னால் வைத்தாள்.

இரண்டாம் பக்கத்திலேயே கண்ணில் பட்டுவிட்டது. ஆய்வுக்கு நெறிமுறைக் குழு அனுமதி தந்தது மார்ச்சில். நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கியது ஜனவரி என்று இருந்தது. அனுமதி இல்லாமல் நோயாளிகளைத் தொட்டதாக அர்த்தம். உண்மையில் அவள் தொடங்கியது ஏப்ரலில். முதல் நோயாளி ஒப்புதல் கையெழுத்துப் போட்டபோது பக்கத்தில் நின்றவளே நான்தான். பழைய வரைவில் இருந்த மாதத்தை மாற்ற மறந்திருக்கிறாள்.

நான் கமாக்களைத் திருத்தினேன். ஓர் அட்டவணையின் தலைப்பை மாற்றச் சொன்னேன். நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு காபியையும் குடித்தேன். களைப்பு, அதனால் அந்த ஜனவரியைச் சொல்ல வாய் வரவில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். களைப்பாவது மண்ணாவது. பொறாமை.

ஆய்விதழ் அந்த மாதத்தைக் காட்டிக் கட்டுரையை நிராகரித்தது. திருத்தி வேறிடத்துக்கு அனுப்புவதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. பதவி எனக்கு வந்தது.

வாழ்த்துச் சொல்ல அடையாறில் என் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்.

"அந்த ஜனவரி உன் கண்ணுல படவே இல்லையாடி?"

"படலடி," என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

 அவள் கைப்பையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"சரி விடு. அடுத்தத எழுதிட்டேன். நீயே பாரு. உன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"